அந்தச் சின்ன மீனின் நடுக்கம்

என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும், சென்னையில் குழாயைத் திருகினால் காற்று மட்டும் வந்த அந்தக் கோடை. தண்ணி லாரி தெருமுனையில் திரும்பும் சத்தம் கேட்டதும் பிளாஸ்டிக் குடத்தோடு ஓடியவர்கள்தானே நாம். இப்போது உட்கார்ந்து எழுந்தால் முழங்கால் முனகுகிறது. மாத்திரை அட்டையைத் தள்ளிப் பிடித்துத்தான் படிக்கிறோம். இன்னும் வயசாகவில்லை என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறோம், அது போகட்டும். அண்ணனூரில் எங்கள் தெரு முழுக்க நல்ல தண்ணீருக்கு அலைந்துகொண்டிருந்த அந்தக் கோடையில் என் அப்பா மட்டும் உப்புத் தண்ணீருக்கு அலைந்தார்.

கடல் எங்கள் வீட்டுக்கு மின்சார ரயிலில் வந்தது. அப்பா ரயில் பெட்டிகளைப் பழுது பார்க்கும் ஷெட்டில் எலக்ட்ரீஷியன். கூட வேலை பார்த்த ஒருவர் காசிமேட்டுக்காரர். படகில் போகும் தன் தம்பியிடம் சொல்லி, கரையோர அழுக்குப் படாத தண்ணீரைக் கேன்களில் பிடித்து வாங்கி வைப்பார். வியாபாரிகள் ஏறும் பெட்டியில் மீன் கூடைகளுக்கும் கீரைக் கட்டுகளுக்கும் நடுவில் அந்தக் கேன்கள் குலுங்கிக்கொண்டு வரும். ஒரு முறை பூக்காரம்மா ஒருத்தி குடிதண்ணீர் என்று நினைத்து ஒரு டம்ளர் கேட்டிருக்கிறாள். “தாராளமா குடிம்மா, அப்பால என்னத் திட்டக் கூடாதுன்னேன் நைனா” என்று எங்கள் வாசலில் கேனை இறக்கிக்கொண்டே காசிமேட்டுக்காரர் சிரித்தார்.

எதிர் வீட்டு அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. “ஊருக்கே குடிக்கத் தண்ணி இல்ல, இவுரு இன்னாடான்னா கடலையே ஊட்டுக்கு இட்டாறாரு” என்று கேட்கும்படியாகவே சொன்னார். பிறகு அப்பாவிடம் நேராகவே வந்து, “இன்னாத்துக்கு சார் இந்தக் கண்ணாடித் தொட்டி?” என்றார்.

“ஊட்டுக்குள்ள நொழஞ்சா ஏதாச்சும் ஒண்ணு அசஞ்சிகினு இருக்கணும்மா” என்றார் அப்பா.

அம்மா போய் எங்களுக்கு அது இரண்டாவது கோடை. வீட்டில் நானும் அப்பாவும்தான். அவர் பேசுகிறவர் அல்ல. ஷெட்டிலிருந்து வந்து கை கிரீஸைச் சலவை சோப்பால் தேய்த்துக் கழுவிவிட்டுச் சோறு வடிப்பார். சாப்பிடும்போது மின்விசிறிச் சத்தம்தான் கேட்கும். தன் துக்கத்தைப் பற்றி அவர் வாயைத் திறந்து சொன்னது, எனக்குத் தெரிந்து, எதிர் வீட்டு அம்மாவுக்குச் சொன்ன அந்த ஒரு பதில்தான். எனக்கு அன்றைக்கு அது எங்கே புரிந்தது? மீன் வருகிறதே என்ற சந்தோஷம்தான் இருந்தது.

தொட்டி நல்ல நீளம். அடியில் வெள்ளைச் சிப்பித் தூள், நடுவில் இரண்டு பவளக்கல், மூலையில் சாய்த்து வைத்த ஒரு சின்ன மண் பூந்தொட்டி. தண்ணீர் எந்த மட்டத்தில் இருக்க வேண்டும் என்று கண்ணாடியில் சிவப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டியிருப்பார். வெயிலில் தண்ணீர் ஆவியாகிப் போகும், உப்பு அப்படியே தங்கிவிடும். ஆகவே டேப் வரைக்கும் நல்ல தண்ணீர் ஊற்றிச் சரிக்கட்ட வேண்டும். நாங்கள் குடிக்க வைத்திருந்ததிலிருந்துதான் ஊற்றுவார். கூடத்தில் படுத்தால், ராயபுரம் பக்கம் ரயில் போகும்போது ஜன்னலில் வருமே ஒரு வாசனை, அது லேசாக அடிக்கும். எனக்கு அது பிடித்திருந்தது.

அதில் இருந்தது ஒரே ஒரு மீன். ஆரஞ்சு நிறம், உடம்பில் மூன்று வெள்ளைப் பட்டை, பட்டையின் ஓரமெல்லாம் மை தொட்டு இழுத்தது போலக் கறுப்பு. கோமாளி மீன் என்று பெயர். பெயர் வைத்தவர் அதை நேரில் பார்த்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். கண்ணாடிக்குப் பக்கத்தில் போனால் எங்கள் பள்ளித் தலைமை ஆசிரியை மாதிரி முறைக்கும். பூந்தொட்டியைத் தன் வீடாக்கிக்கொண்டு, துடைக்கக் கை விட்டால் அப்பாவின் விரலையே வந்து கடிக்கும்.

கொளத்தூரில் வளர்ப்பு மீன் கடை வைத்திருந்தவர்தான் அந்த யோசனையைச் சொன்னார். நானும் போயிருந்தேன். “ஒண்டியா உட்டா ஏங்கிப் பூடும் சார். ஜோடி போட்டுடு. கீறதவிடச் சின்னதா ஒண்ணு எடுத்துக்கோ, அதான் செட்டாவும்.”

“எது ஆம்பள, எது பொம்பளன்னு எப்பிடிப் பாக்கறது?”

“அது எவனுக்குத் தெரியும் சார்? போட்டா அதுங்களே பேசி முடிச்சிக்கும். ரொம்ப சண்ட போட்டா பிரிச்சிடு.”

அதே மாதத்தில் எங்கள் சபைப் பெரியவர்களும் அப்பாவிடம் ஏறக்குறைய இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள், மீனைப் பற்றி அல்ல. ஆராதனை முடிந்து வேப்பமரத்தடியில் நின்று பேசுவார்கள், நான் போனதும் பேச்சை மாற்றுவார்கள். ஆவடியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர்தான் சித்தியாக வரப்போகிறவர் என்று எனக்குச் சொன்னார்கள். பிஸ்கட் பாக்கெட்டோடு அவர் வீட்டுக்கு வந்து போனார். பிடிக்கவில்லை என்று சொல்ல என்னிடம் ஒரு காரணமும் இல்லை. போதகர் ஜெபித்து, பத்துப் பதினைந்து பேர் கேசரி சாப்பிட்டு, கல்யாணம் முடிந்தது. எனக்குச் சொல்லாமல் விட்டது ஒன்றே ஒன்றுதான். சித்திக்கு ஒரு மகள் இருந்தாள்.

பிள்ளைக்கு ஒரேயடியாகச் சொன்னால் தாங்காது, ஒவ்வொன்றாகச் சொல்லலாம் என்று பெரியவர்கள் முடிவு செய்திருந்தார்களாம். சொல்வதற்குள் அந்த இன்னொன்று ஆட்டோவில் வந்து இறங்கிவிட்டது. இரண்டு பெட்டிகளுக்கு நடுவில் நசுங்கி உட்கார்ந்திருந்தாள், என்னைவிட ஒரு வயது பெரியவள், ஒரு தலை உயரம். அவளுடைய அப்பா இறந்ததிலிருந்து அரக்கோணத்தில் பெரியம்மா வீட்டில் விட்டு வைத்திருந்தார்கள். இனிமேல் அம்மாவோடு ஒரே வீட்டில் இருக்கப்போகிறோம் என்று அந்தப் பெண் வந்திருக்கிறாள். அது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் என் கட்டில் பாதியாகப்போகிறது என்பதுதான்.

“பாப்பா, இது உனக்கு அக்கா. இனிமே ஒண்ணாத்தான் இருப்பீங்க” என்று சொல்லிவிட்டு அப்பா அடுப்பை அணைக்க உள்ளே போய்விட்டார்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். “இவ்ளோ குட்டையா கீறியே, எத்தினியாவது படிக்கிற?” என்றாள்.

அதே வாரம்தான் இரண்டாவது மீனும் வந்தது. அப்பா அதை வீட்டுக்குள் சேர்த்த விதத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மீன் வந்த பையை முதலில் தொட்டித் தண்ணீரில் மிதக்கவிட்டு, இரண்டின் சூடும் ஒன்றாகும் வரை காத்திருந்தார். பிறகு மீனை ஒரு வாளியில் விட்டு, சித்தி கொண்டுவந்திருந்த சலைன் டியூப் வழியாகத் தொட்டித் தண்ணீரை அதில் சொட்டுச் சொட்டாக இறக்கினார். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, டியூபின் சக்கரத்தைத் திருகித் திருகி, ஒரு சாயங்காலம் முழுக்க. உடனே தொட்டியில் விட்டாரா என்றால் அதுவும் இல்லை. காய்கறி அலசும் வெள்ளைக் கூடையைத் தொட்டிக்குள் தொங்கவிட்டு அதற்குள்தான் விட்டார். கூடையின் ஓட்டைகள் வழியாகப் பழையதும் புதியதும் ஒன்றையொன்று பார்க்கலாம், தொட முடியாது.

“கொஞ்ச நாள் பாத்துகினு கெடக்கட்டும். அவசரப்பட்டா மெரண்டு பூடும்” என்றார்.

இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. மீனுக்கு இவ்வளவும் தெரிந்த மனிதர், இரண்டு பெண் பிள்ளைகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரே அறையில் தள்ளிவிட்டு அடுப்பை அணைக்கப் போனார்.

நாங்கள் சண்டை போட்டோம். அலமாரியில் எந்தத் தட்டு யாருக்கு என்று, ஜன்னல் ஓரத்தில் யார் படுப்பது என்று, இரண்டு பேருக்குமாக இருந்த ஒரு வாளித் தண்ணீரில் யார் முதலில் குளிப்பது என்று. அவள் அதிகாரி மாதிரி நடந்துகொள்வாள். என் கணக்கைப் பிடுங்கித் திருத்துவாள். என்னை முழங்கால்களுக்கு நடுவில் உட்கார வைத்து, கண் மேலே இழுத்துக்கொள்ளும்படித் தலைவாரிவிடுவாள். திமிறினால் சீப்பால் ஒன்று வைத்து “ஆடாத” என்பாள். நான் கிள்ளுவேன், அவள் பிராண்டுவாள். அக்கா தங்கையோடு வளர்ந்தவர்கள் இதைப் படித்துச் சிரிப்பீர்கள், எந்த வீட்டில் இல்லாதது என்று. இன்னொன்றும் சொல்கிறேன். அம்மா போன பிறகு என் தலையை இழுத்து வாரிவிட யாருமே இருக்கவில்லை. வலித்தது, ஆனால் தினமும் சாயங்காலம் நானேதான் சீப்பை எடுத்துக்கொண்டு போய் அவள் முன்னால் உட்கார்ந்தேன்.

ஆனால் எங்கள் வீட்டுச் சண்டைக்குத் தெருவே காது கொடுத்தது. “தாயில்லாப் புள்ளயப் போட்டு அந்தப் பொண்ணு அடிக்கிது, இவங்க பாத்துகினு கீறாங்க” என்று எதிர் வீட்டு அம்மா தண்ணி லாரி வரிசையில் சொன்னதைச் சித்தி தன் காதாலேயே கேட்டார். குடத்தை நிரப்பாமல் திரும்பி வந்தார். அன்றிலிருந்து எங்களுக்குள் எந்தச் சண்டை வந்தாலும் அடி தன் மகளுக்கு மட்டும்தான். யார் ஆரம்பித்தது என்று கேட்கவே மாட்டார். பாதிச் சண்டை நான் ஆரம்பித்தது. அதை நான் சொன்னாலும் அவர் நம்பவில்லை. கோழிக் குழம்பில் பெரிய துண்டு என் தட்டில் விழும், புதுத் துணியில் முதலில் எடுப்பது நான். அக்கா தன் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவாள். மாற்றாந்தாய் கொடுமை என்ற பேச்சு தன் பக்கம் வந்துவிடக் கூடாது என்பதற்காக, பெற்ற மகளுக்கு மாற்றாந்தாயாக இருந்தார் சித்தி. அன்றைக்கு நான் கண்டதெல்லாம் பெரிய கோழித் துண்டு மட்டும்தான்.

ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்து, அப்பா கூடையைக் கவிழ்த்து அந்தச் சின்ன மீனை வெளியே விட்டார். நாலு பேரும் தொட்டி முன்னால் நின்றோம். நான்கு பேரும் சேர்ந்து ஒன்றைப் பார்த்துக்கொண்டு நின்றது அந்த வீட்டில் அதுதான் முதல் தடவை. பெரியது விரட்டியது. சின்னது கல்லைச் சுற்றிச் சுற்றி ஓடி, வால் நுனியில் ஒரு கடி வாங்கியது. பிறகு அது ஓடாமல் நின்றுவிட்டது. பெரியதின் முகத்துக்கு நேராக வந்து, உடம்பைப் பக்கவாட்டில் சாய்த்து, தலையிலிருந்து வால் வரை வெடவெடவென்று நடுங்கியது.

“ஐயையோ, வலிப்பு வந்துடிச்சி” என்று அப்பா வலையைத் தேடினார்.

“ஃபிட்ஸ் மாதிரிதாங்க தெரியிது” என்றார் சித்தி. நர்ஸ் சொன்னால் அப்புறம் என்ன.

“அது சும்மா ஆடுது அங்கிள். பெருசு ஒண்ணும் பண்ணலியே. வுட்டுத்தான் பாருங்களேன்” என்றாள் அக்கா.

“உனக்கு இன்னாம்மா தெரியும்” என்றார் அப்பா. கோபமாக அல்ல, மெதுவாகத்தான் சொன்னார். சின்ன மீனை அள்ளித் திரும்பவும் கூடைக்குள் விட்டார். அதற்கப்புறம் சில தடவை வெளியே விட்டுப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் விரட்டல், ஒரு கடி, அந்த நடுக்கம். ஒவ்வொரு தடவையும் வலையோடு பாய்ந்தார். “ஒத்து வரல” என்று முடிவு கட்டிவிட்டார்.

அந்த வாரம்தான் ஒரு மத்தியானம் கரண்ட் போனது. அப்பா ஷெட்டில், சித்தி ஆஸ்பத்திரியில். எங்களுக்குப் பள்ளி லீவு. தொட்டிக்குக் காற்று அடிக்கும் மோட்டார் நின்றதும் வீடே செவிடானது போல இருந்தது. கொஞ்ச நேரத்தில் பெரிய மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. கூடைக்குள் இருந்த சின்னதும் அப்படியே. மோட்டார் நின்றால் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்ற வேண்டும், அப்போதுதான் தண்ணீரில் காற்றுச் சேரும் என்று அப்பா ஒரு முறை சொன்னதை அவள்தான் ஞாபகம் வைத்திருந்தாள்.

ஸ்டூலைப் போட்டு, குளியலறை மக்கை எடுத்து வந்து ஊற்ற ஆரம்பித்தோம். ஆளுக்குக் கொஞ்ச நேரம். உப்புத் தண்ணீர் முழங்கை வழியாக வழிந்து பாவாடையெல்லாம் நனைந்தது. தோல் அரித்தது. “மொள்ளவே தெரியலியே உனுக்கு” என்று அவள் திட்டினாள். நடு நடுவே பேசினோம். அரக்கோணத்தில் மாமரம் இருந்தது, டிவி பெரிது, இதைவிடப் பெரிய வீடு என்றெல்லாம் சொன்னாள். அப்புறம் ஏன் இங்கே வந்தாய் என்று கேட்டேன், குத்தலாகத்தான் கேட்டேன்.

“இங்க படுத்தா எங்கம்மா மூச்சு வுடற சத்தம் கேக்குது. அது போதும், நான் இங்கியே இருந்துக்குவேன்” என்றாள்.

பிறகு மக்கை என் கையில் கொடுத்துவிட்டு, “உங்கம்மா இன்னா சோப்பு போடுவாங்க?” என்று கேட்டாள். அம்மா போனதிலிருந்து எத்தனை பேர் என்னைக் கட்டிப்பிடித்து அழுதிருப்பார்கள். அம்மாவைப் பற்றி ஒருவர்கூட என்னிடம் எதையும் கேட்டதில்லை. நான் சொன்னேன். சோப்பு, பவுடர், சிரித்தால் வாயைப் பொத்திக்கொள்வது எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். நடுவில் எங்கேயோ அக்கா என்று அவளைக் கூப்பிட்டிருக்கிறேன். இரண்டு பேருமே அதைக் கண்டுகொள்ளாத மாதிரி இருந்துவிட்டோம்.

எனக்குக் கை ஓய்ந்துபோனது, ஆனால் மக்கை விட மனமில்லை. “குட்றி” என்று அவள் பிடுங்க, நான் இழுக்க, அவளுடைய நகம் என் கண்ணுக்குக் கீழே பட்டுக் கன்னத்தில் கோடு போட்டது. அதில் உப்புத் தண்ணீர் பட்டதும் நான் போட்ட அலறலில் எதிர் வீட்டு அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அக்கா பாவாடை நுனியால் ஒற்றி ஒற்றி ஊதினாள். “அழாத, அழாத, மீனு செத்துடும், ஊத்து” என்றாள். நான் அழுதுகொண்டே ஊற்றினேன். கரண்ட் வந்து மோட்டார் ஓடியபோது இரண்டு பேரும் ஈரத் தரையில் உட்கார்ந்து காரணமே இல்லாமல் சிரித்தோம். மீன் இரண்டும் பிழைத்திருந்தன. என் வாழ்க்கையில் நல்ல நாள் எது என்று யாராவது கேட்டால் நான் யோசிக்காமல் சொல்லக்கூடிய நாள் அது.

பெரியவர்கள் சாயங்காலம் வந்து பார்த்தது வேறு. நனைந்த கூடம், நனைந்த துணி, கண்ணுக்குக் கீழே ரத்தக் கோடு. அலறலுக்கு வாசலிலேயே சாட்சி தயாராக நின்றிருந்தது. சித்தி ஒன்றும் கேட்கவில்லை. கரண்டியை எடுத்து அதன் காம்பால் அக்காவை அடித்தார். நான் நடுவில் விழுந்து, “தெரியாம பட்டுடுச்சி சித்தி, நாங்க மீனுக்குத் தண்ணி ஊத்திகினு இருந்தோம்” என்று கத்தினேன்.

“பாரு, அடியும் வாங்கிகினு அவுளுக்கே பரிஞ்சி பேசுது” என்றார் அப்பா. அவர் கண் கலங்கியிருந்தது. “எல்லாத்தயும் பொறுத்துகினு போவுது, பாவம்.”

சித்தி கரண்டியைப் போட்டுவிட்டு அடுப்பு மேடையோரம் உட்கார்ந்துவிட்டார். “கண்ணுல பட்டிருந்தா என்ன ஆயிருக்கும்? நாளைக்கி ஊரு என்ன எப்பிடிப் பேசும்?” என்றார். பிறகு மகள் பக்கம் பார்க்காமலே, “ஹாஸ்டல்ல சேத்துடலாங்க” என்றார்.

அப்பா வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சித்தி அதைத்தான் எதிர்பார்த்திருப்பார் என்று இப்போது நினைக்கிறேன். அப்பா தொட்டியைப் பார்த்தார். “கொஞ்ச நாள் பிரிஞ்சி இருந்தா ரெண்டுக்கும் நல்லதுதான்” என்றார்.

மறுநாள் அவர் தொட்டிக்கு நல்ல தண்ணீர் ஊற்றும்போது பக்கத்தில் போய் நின்றேன். “அக்கா போவ வேணாம்ப்பா. நாங்க சண்டையே போட மாட்டோம். போட்டாலும் பரவால்ல” என்றேன். அவர் ஈரக் கையால் என் தலையைத் தடவினார். “நீ நல்ல பொண்ணு பாப்பா. அதான் இப்பிடிச் சொல்ற” என்றார். நான் அழ அழ, என் நல்ல மனசுக்கு அது இன்னொரு அத்தாட்சியாகப் போனது. கெட்ட பெண்ணாக இருந்திருந்தால் ஒருவேளை கேட்டிருப்பார்களோ என்னவோ.

அவளையும் கேட்டார்கள், கேட்காமல் இல்லை. “ஹாஸ்டல்ல இருப்பியாம்மா?” என்றார் அப்பா. அவள் தன் அம்மாவைப் பார்த்தாள். சித்தி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. “இருப்பேன் அங்கிள்” என்றாள். பொண்ணுக்கே இஷ்டம்தான் என்று சபையில் சொன்னார்கள்.

அந்த வாரமே சின்ன மீன் பையில் ஏறிக் கொளத்தூர் கடைக்குத் திரும்பிப் போனது. லீவு முடிந்ததும் அக்கா திருவள்ளூர் தாண்டி ஒரு பள்ளி விடுதிக்குப் போனாள். அண்ணனூர் ஸ்டேஷனில் சித்தி பெட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்க, அக்கா என் ரிப்பனை அவிழ்த்துத் திரும்பவும் இறுக்கிக் கட்டிவிட்டாள். வண்டி வந்தது. சித்தி ஏறியதும் ஜன்னல் ஓரத்தில் மகளை உட்கார வைத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டதைப் பார்த்தேன். எங்கள் வீட்டில் அவர் அப்படிச் செய்து நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. வண்டிக்குள் எங்கள் தெருக்காரர்கள் யாரும் இல்லை.

கொஞ்ச நாள் என்றது பள்ளி முடியும் வரைக்கும் நீண்டது, பிறகு கல்லூரி விடுதி, பிறகு கோயம்புத்தூரில் வேலை. லீவுக்கு வருவாள். பையைக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே வைத்திருப்பாள், தேவையானதை மட்டும் எடுத்துவிட்டு ஜிப்பை மூடிவிடுவாள். சாப்பிட்ட தட்டை உடனே கழுவி வைப்பாள். ஜன்னல் ஓரத்தை எனக்கே விட்டுவிடுவாள். நாங்கள் அதற்கப்புறம் ஒரு சண்டைகூடப் போடவில்லை. “பாத்தியா, தள்ளி இருந்ததால எவ்ளோ பாசம்” என்று அப்பா சித்தியிடம் சொல்வார். நான் வேண்டுமென்றே அவளுடைய சீப்பை எடுத்து ஒளித்து வைத்துப் பார்த்தேன். “பரவால்ல, வேற வாங்கிக்கிறேன்” என்றாள்.

பெரிய மீன் தனியாகவே சில வருஷம் இருந்தது. காசிமேட்டுக்காரர் வேலை மாற்றலாகிப் போன பிறகு கடல் வருவது நின்றது. தொட்டியில் கொஞ்ச காலம் பழைய செய்தித்தாள்கள் கிடந்தன, பிறகு செருப்புகள். யாரோ கேட்டார்கள் என்று அப்பா தூக்கிக் கொடுத்துவிட்டார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் மகன் போனில் ஒரு வீடியோ பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு கோமாளி மீன்கள். சின்னது பெரியதின் முகத்துக்கு நேராக வந்து உடம்பைச் சாய்த்து வெடவெடவென்று நடுங்கியது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அது நோய் இல்லையாம். நீதான் பெரியது, நான் சின்னது, என்னை உன்னோடு இருக்கவிடு என்று கேட்கிற விதமாம். அந்த நடுக்கம் வந்துவிட்டால் ஜோடி சேர்ந்துவிட்டது என்று அர்த்தமாம். முதலில் கொஞ்சம் விரட்டும், கடிக்கும், அதைப் பார்த்துப் பயந்து பிரித்துவிடக் கூடாது என்று அந்த வீடியோக்காரர் திரும்பத் திரும்பச் சொன்னார். மீனையும் மனுஷரையும் ஒப்பிட்டுப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கே எரிச்சல் வரும். எங்கள் கதையில் பெரியவள்தான் புதிதாக வந்தவள், அதனால் ஒப்பிட்டாலும் சரியாகப் பொருந்தாது. ஆனாலும் அன்றைக்கு என்னால் சமைக்க முடியவில்லை.

அடுத்த தடவை அண்ணனூர் போனபோது அதை அப்பாவிடம் காட்டினேன். போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு முழுக்கப் பார்த்தார். “அப்பவே தெரிஞ்சிருந்தா வுட்டு வச்சிருக்கலாம்” என்றார். மீனைச் சொல்கிறார் என்று நினைத்தேன். போனைத் திருப்பிக் கொடுக்கும்போது, “பெரியவ போன் பண்ணாளா உனக்கு?” என்று கேட்டார். பண்ணினாள் என்று பொய் சொன்னேன்.

போன வருஷம் அப்பா இறந்துபோனார். தெருவில் பந்தல் போட்டு, கூடத்தில், ஒரு காலத்தில் தொட்டி இருந்த சுவரோரமாகச் சவப்பெட்டியை வைத்திருந்தோம். சித்தி அதன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். முந்தின நாளிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை, அழச் சொல்லி எல்லோரும் கெஞ்சிக்கொண்டிருந்தார்கள். அக்கா கோயம்புத்தூரிலிருந்து ரயிலில் வந்து சேர்ந்தாள். மாலையைப் போட்டுவிட்டு அப்பாவின் காலைத் தொட்டுவிட்டு, என் கையை ஒரு நிமிஷம் பிடித்துக்கொண்டாள். பிறகு வெளியே போய், பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலியில், அப்பாவின் ஷெட் நண்பர்களுக்குப் பக்கத்தில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். உள்ளே வா என்று ஆள் அனுப்பினேன். காற்றாட இருக்கிறது என்று சொல்லி அனுப்பினாள்.

காலையிலிருந்து அந்த வீட்டுக்குள் யார் யாரோ போய்வந்துகொண்டிருந்தார்கள். பந்தல்காரர் சமையலறையில் தண்ணீர் குடித்தார். பெயர் தெரியாத பெண்கள் படுக்கையறையில் குழந்தையைத் தூங்க வைத்திருந்தார்கள். ஒருவரும் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

பத்து மணி இருக்கும். அக்கா எழுந்து வந்தாள். சித்திக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் காதருகில் குனிந்து, மெல்லிய குரலில், மரியாதையாக, “பாத்ரூம் யூஸ் பண்ணிக்கட்டுமா?” என்று கேட்டாள்.

தலையை மட்டும் ஆட்டினேன். “தேங்க்ஸ்” என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

சித்தியின் காதிலும் அது விழுந்திருந்தது. அவர் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, பெட்டியின் விளிம்பில் நெற்றியை முட்டி முட்டி, அடக்க முடியாமல் கதற ஆரம்பித்தார். அப்பாடா, அழுதுவிட்டார் என்று சபைப் பெண்கள் ஓடிவந்து அவரைத் தாங்கிக்கொண்டார்கள். “அவுரு ஆண்டவர்கிட்டதாம்மா போயிருக்காரு, நிம்மதியாத்தான் போயிருக்காரு” என்று முதுகைத் தடவித் தேற்றினார்கள்.